ஏறிய தண்ணீர் இறங்காது

காடு பொய் சொல்கிறது என்று உயர்மட்டக் குழு எழுத்து மூலமாகவே தீர்மானித்துவிட்டது.

உயர்மட்டம் என்பது பெயரில்தான். மான்கொம்பு மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒரு குளிரூட்டிய அறையில் அந்தக் குழு கூடியது. அங்கே முந்திரிப் பக்கோடா ஒன்றுதான் நிஜமாகவே உயர்மட்டமாக இருந்தது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். மலையில் இருக்கும் தீ எச்சரிக்கை அமைப்பு இந்தக் கோடையில் ஓயாமல் தவறான தகவல் தருகிறது, ஆகவே அதைப் பிடுங்கிவிட்டு நவீனக் கண்காணிப்புக் கோபுரம் ஒன்றை நிறுவலாம் என்பது முடிவு. பிடுங்குவதற்கு முன்னால் மரியாதைக்காக ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் போக, குழுவின் தலைவர் சந்தானகோபாலன் பூதிப்பட்டிக்கு வந்து இறங்கினார்.

வரவேற்க நின்றவள் பவுனம்மா, ‘மான்கொம்பு மலை வட்டாரச் சமுதாயத் தீப்பாதுகாப்பு, காட்டுத்தீ மீட்பு மற்றும் மறுவாழ்வு அறக்கட்டளை’யின் தலைவி. பெயர் வைத்தவர் ஆடிட்டர். பெயிண்டர் எழுதிக்கொண்டே போனதில் சுவர் தீர்ந்துபோய், கடைசி வார்த்தை மூலை திரும்பிப் பக்கத்துச் சுவரில் கிடக்கிறது. ஊரில் யாருக்கும் அவ்வளவு மூச்சு கிடையாது. தீச்சங்கம் என்பார்கள்.

பவுனம்மா அதற்கு முன் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவள். ஊரில் பாதிப் பேரிடம் சாவைப் பற்றிப் பேசிப் பாலிசி வாங்க வைத்தவள். மீதிப் பாதி அவளைத் தூரத்தில் கண்டாலே சந்து மாறிப் போகும். பெருந்தீ வந்தது அந்தக் காலத்தில்தான். ஒரு மாசி மாதம், மேல்காட்டில் சுக்குநாறிப் புல் பற்றிக்கொண்டது. காய்ந்துவிட்டால் அந்தப் புல் கிட்டத்தட்ட எண்ணெய்தான். காப்பித் தோட்டத்தில் கடைசிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள், நெருப்பு மேலேதான் ஏறும், கீழே இறங்காது என்று நம்பிக் கூந்தல்பள்ளத்துக்குள் இறங்கினார்கள். நெருப்பு இறங்கவில்லை. புகை இறங்கியது. திரும்பி வராதவர்களில் பவுனம்மாவின் தங்கை முத்தழகும் ஒருத்தி. வானம் சிவந்த பிறகுதான் கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பவுனம்மா அந்நேரம் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, தீ விபத்துக் காப்பீட்டின் நன்மைகளை விளக்கிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவளுக்கு ஒரே பைத்தியம்தான். அடுத்த தடவை முன்கூட்டித் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்காவது தெரிய வேண்டும்.

அந்தப் பைத்தியத்துக்கு மருந்தாக வந்து சேர்ந்தவள் ரிஸ்வானா. பூஞ்சை ஆராய்ச்சி செய்கிறவள். பிஸ்கட் டப்பாக்களில் ஈரமான வெள்ளை நூல் மாதிரி எதையோ அடைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். முதல் கூட்டத்தில் அவள் சொன்னது இவ்வளவுதான்: “மரத்துக்குக் கண்ணு கெடையாதுக்கா. ஆனா சூடு பட்ட வேரு சும்மா இருக்காது, பக்கத்து வேருக்குச் சொல்லும். அந்தப் பேச்சத் தூக்கிட்டுப் போறது மண்ணுக்குள்ள ஓடுற பூஞ்சை இழை. நான் அந்த இழைக்குக் கொஞ்சம் சத்தமாப் பேசக் கத்துக் குடுத்துருக்கேன். நம்ம காதுக்கு எட்டுற அளவுக்கு.”

எரிந்த சரிவுகளில் சங்கம் நட்ட ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு சிட்டிகை இழை போட்டார்கள். சில வருடங்களில் அது மலை முழுக்கப் பரவியது. சங்க ஆபீஸில் ஒரு பெட்டி. காடு எங்கே பதறுகிறதோ அந்த இடம் பெட்டியின் திரையில் புள்ளியாகத் தெரியும், கூடவே ஒலியும் வரும். என்ன ஒலி என்பதில் ஊர் இரண்டு பட்டது. சைரன் என்றால் போலீஸ் என்று நினைத்துப் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். மணி என்றால் ஒரு தெருவுக்குப் பிடிக்காது, வேறொன்று என்றால் மறுதெருவுக்குப் பிடிக்காது. கடைசியில் பவுனம்மாதான் குக்கர் விசிலை வைத்தாள். எந்தச் சாதியும் எந்த மதமும் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து ஓடுகிற ஒரே சத்தம் அதுதான் என்பது அவள் வாதம். எதிர்த்துப் பேச ஆளில்லை.

காடு விசிலடித்தது. ஊர் வாளியோடு ஓடியது. சருகளவில் இருந்த நெருப்பைச் சருகளவிலேயே அணைத்தார்கள். ஒருமுறை இவர்கள் போவதற்குள் நெருப்பு தானாகவே அவிந்துபோயிருந்தது. தொட்டி நிறையத் தண்ணீரோடு லாரியைத் திருப்பி இறக்கினான் டிரைவர் சீனிச்சாமி. கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக அலைமோதி, வண்டி கைப்பிடிச் சுவர்மேல் போய்ச் சாய்ந்தது. அன்று அவன் தன் குலதெய்வத்தைக் கோயில் விலாசத்தோடு கூப்பிட்டான். மறுநாளே பவுனம்மா சட்டம் போட்டாள். நெருப்பு இருக்கிறதோ இல்லையோ, மேலே போன தண்ணீரை மேலேயே ஊற்றிவிட்டுத்தான் வண்டி இறங்க வேண்டும். தொட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தாள்: ஏறிய தண்ணீர் இறங்காது.

இந்தக் கோடையில்தான் விஷயம் கெட்டது. மழை பொய்த்த வருடம். விசில் வரும், ஏறுவார்கள், நெருப்பு இருக்காது. ஒரு பீடித்துண்டுகூட இருக்காது. தண்ணீரை ஊற்றிவிட்டு இறங்குவார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி விசில். வாளியோடு ஓடிவந்த ஜனம் இப்போது, “நம்ம வீட்டுக் குக்கரா, காட்டுக் குக்கரா” என்று உள்ளே பார்த்துக் கேட்டுவிட்டு, காட்டுடையது என்றால் டிவி பக்கம் திரும்பியது. பவுனம்மாவை அரித்தது இதுதான். விசிலைப் பிடுங்கினாலும் ஊருக்கு எச்சரிக்கை கிடையாது. பிடுங்காமல் விட்டு யாரும் நம்பாவிட்டாலும் கிடையாது. இரண்டில் எது நடந்தாலும் அடுத்த முத்தழகு பள்ளத்துக்குள்தான் இறங்குவாள்.

சந்தானகோபாலன் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுக்காமலே பேச ஆரம்பித்தார். தான் விஞ்ஞானத்துக்கு எதிரி அல்ல என்றார். விஞ்ஞானமும் தனக்கு எதிரி அல்ல என்றார். ஓய்வு பெற்ற பின்னும் நாடு தன்னை விடவில்லை என்றார். நாடு விடாததற்கான காரணங்களை அவர் விளக்கி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

கருவியில் ஒரு குறையும் இல்லை என்று ரிஸ்வானா சொன்னாள். தீப்பட்டால் வேர் என்ன சொல்லுமோ, அச்சு அசலாக அதைத்தான் சொல்லுகிறது.

“தீ இருந்ததா?”

“இல்ல சார்.”

“அப்போ அதுக்குப் பேர் என்னம்மா?”

பவுனம்மாவுக்கு அந்தக் கேள்வி எங்கேயோ கேட்ட கேள்வியாக இருந்தது. இன்சூரன்ஸ் ஆபீஸில், கிளைம் பிரிவில் கேட்டது.

“நெருப்பே இல்லாம நெருப்புன்னு எழுதிக் குடுத்தவுகள நான் நெறையப் பாத்துருக்கேன் சார்,” என்றாள். “அவுகளுக்கு நெருப்பு முக்கியமில்ல. நெருப்புன்னு சொன்னா என்ன கெடைக்கும்ங்கிறதுதான் முக்கியம்.”

“காட்டுக்கு என்னம்மா கிடைக்கும்?” என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார் தலைவர்.

பவுனம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தவள், திறந்தபடியே நின்றாள். ஜன்னலுக்கு வெளியே சீனிச்சாமி லாரித் தொட்டியில் குழாயைச் சொருகி நிரப்பிக்கொண்டிருந்தான். அவள் எழுதிவைத்த எழுத்து வெயிலில் பளபளத்தது. அவள் ரிஸ்வானாவைப் பார்த்தாள். ரிஸ்வானாவும் அதே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிடம் பார்த்து விசில் அடித்தது.

சந்தானகோபாலனுக்குப் பரம சந்தோஷம். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கிற வாய்ப்பு எல்லா அதிகாரிக்கும் அமையாது. ஜீப்பில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். பின்னால் லாரி. புள்ளி காட்டிய இடம் எல்லோருக்கும் பழகிய இடம்தான். மலைச்சாலை முடிகிற மேட்டில், பெருந்தீயில் ஒரு பக்கம் கருகியும் சாகாமல் நிற்கிற பெரிய கல்லிச்சி மரம். வழக்கம்போல நெருப்பு இல்லை. வெயில் மட்டும் இருந்தது. சீனிச்சாமி வழக்கம்போல வால்வில் கை வைத்தான்.

“தொறக்காதப்பா,” என்றாள் பவுனம்மா. “இரு, பாப்போம்.”

நின்றார்கள். ரிஸ்வானாவின் கையில் இருந்த சின்னக் கருவியில் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. ஆபீஸில் இருந்தவர்கள் போன் போட்டு, விசில் நிற்கவே இல்லை, பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து சத்தம் போடுகிறார்கள் என்றார்கள். கல்லிச்சி ஓர் இலைகூட அசையாமல் நின்றது. கேட்டுவிட்டு, கிடைக்கும் என்று காத்திருக்கிறவர்களின் நிற்பு அது.

“இப்பத் தொற.”

தண்ணீர் வேர்மேல் கொட்டியது. கொட்டிய வேகத்தில் மண்ணுக்குள் போனது. குளம் கட்டவில்லை, ஓடவும் இல்லை, யாரோ கீழேயிருந்து உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. கோடு தணிந்து, தணிந்து, படுத்துவிட்டது. போனில் ஆபீஸ் சொன்னது, விசில் நின்றுவிட்டதாக.

சந்தானகோபாலன் குனிந்து ஈரமண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். மண்ணைத் தொடுவது அவர் வாழ்க்கையில் அபூர்வம். பிறகு, “ஆக, இந்த மரம் தாகத்துக்குப் பொய் சொல்லியிருக்கு,” என்றார்.

“தண்ணி வண்டி எப்ப வரும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு சார்,” என்றாள் ரிஸ்வானா. “நாமதான் பழக்கிவிட்டோம். நெருப்புன்னா வருவாங்க, வந்தா ஊத்தாமப் போக மாட்டாங்க.” சொல்லிக்கொண்டே மரத்தை அண்ணாந்து பார்த்தவள் குழம்பினாள். தாகம் எடுத்த மரமாக அது இல்லை. கருகாத பக்கம் முழுக்கத் தளிர் விட்டிருந்தது. அதன் வேர் பாறைக்கடியில் ஊற்றுவரை போயிருக்கும், எந்தக் கோடையும் அதை அசைக்காது. பின்னே, ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?

கருவியைத் தரையோடு தரையாகப் பிடித்தபடி அவள் நடந்தாள். சாலையைத் தாண்டினாள். சரிவின் விளிம்பில் போய் நின்றுவிட்டு, பவுனம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயிருந்து இறங்கினால் கூந்தல்பள்ளம்.

பெருந்தீக்குப் பிறகு யாரும் அதற்குள் இறங்கியதில்லை. மற்ற சரிவுகளில் எல்லாம் கன்று நட்டபோதும், அங்கே மட்டும் வேண்டாம், அது அப்படியே கிடக்கட்டும் என்று பவுனம்மா தடுத்திருந்தாள். யாரும் காரணம் கேட்கவில்லை. லாரியும் போக முடியாத இடம்.

“நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வாரேங்க்கா,” என்றாள் ரிஸ்வானா.

பவுனம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கினாள்.

புகை படிந்த பாறைகளும் எலும்பு மாதிரி வெளுத்த மரக்கட்டைகளும் இருக்கும் என்று நினைத்துத்தான் இறங்கினாள். பாதித் தூரத்திலேயே கால் நின்றுவிட்டது. பள்ளம் பச்சையாக இருந்தது. மலை முழுக்க மஞ்சளும் பழுப்புமாகக் காய்ந்து கிடக்கிற பங்குனி வெயிலில், யாரும் நடாத, யாரும் ஒரு சொட்டு ஊற்றாத பள்ளத்தில், இடுப்பளவும் முழங்காலளவும் விரலளவுமாகக் கன்றுகள். நெல்லி, வேங்கை, மருது, பெயர் தெரியாத எத்தனையோ. சருகை விலக்கி மண்ணைக் கீறிப் பார்த்தாள் ரிஸ்வானா. தலைமயிர் கனத்தில் வெள்ளை இழைகள், கற்றை கற்றையாக, நனைந்து மினுமினுத்தபடி, மேட்டிலிருந்து கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.

“ஏறின தண்ணி எறங்குதுக்கா,” என்றாள் மெல்ல.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. விரலளவுக் கன்று ஒன்றின் அடியில் மண் கறுத்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம் வட்டமாக விரிந்து நின்றது. பிறகு அடுத்த விரலளவுக் கன்றுக்கு. பிறகு அதற்கடுத்ததற்கு. பக்கத்திலேயே முழங்காலளவில் நின்றவற்றை அது தொடவில்லை. சின்னது ஒவ்வொன்றையும் முடித்துவிட்டுத்தான், கல்யாணப் பந்தியில் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டுப் பெரியவர்கள் பக்கம் வருகிற மாதிரி, அடுத்த வரிசைக்கு வந்தது. சத்தமே இல்லை. ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தியே மண்ணுக்கடியில் நடந்துகொண்டிருந்தது, ஓர் இலை போடுகிற சத்தம்கூட இல்லாமல்.

“இத நான் சொல்லிக் குடுக்கலக்கா.” ரிஸ்வானா கீறிய மண்ணைத் திரும்ப மூடினாள். “சத்தமாப் பேசத்தான் கத்துக் குடுத்தேன். என்ன பேசணும், யாருக்காகப் பேசணும்ங்கிறதெல்லாம் அதுவா…”

மேலே சாலையோரத்தில், தனக்கு ஒரு குறையும் இல்லாத ஒரு மரம், லாரி வந்து நிற்கக்கூடிய ஒரே இடத்தில் நிற்கிற மரம், எரிகிறது எரிகிறது என்று கத்தியிருக்கிறது. கீழே கத்தத் தெரியாதவற்றுக்காக. பவுனம்மா அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்தாள். முத்தழகு கடைசியாக மூச்சு விட்ட இடம் இதில் எது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாக் கன்றையும் பார்த்தாள்.

சற்றுத் தள்ளி சந்தானகோபாலன் நின்றிருந்தார். எப்போது இறங்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை. பொன்னாடை ஒரு முள்ளில் மாட்டிக் கிழிந்திருந்தது. இரண்டு ஷூவும் கையில் இருந்தன. பவுனம்மா பார்ப்பதைப் பார்த்ததும், “உள்ள கல்லு போயிடுச்சு,” என்றார். இரண்டிலுமா என்று அவள் கேட்கவில்லை.

மேலே ஏறி வந்து ஜீப்பருகே நின்றபோதுதான் அவருக்குப் பதவி ஞாபகம் வந்தது. பார்த்ததை மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்காரர்களின் உயிரைக் காரணம் காட்டிக் கேட்டார்: “பொய் சொல்லக் கத்துக்கிட்ட ஒண்ண நம்பி ஒரு ஊரை எப்படிம்மா விட முடியும்?”

“மனுசங்களோடதான சார் இத்தன காலம் இருக்கோம்,” என்றாள் பவுனம்மா. “கேக்காமலே குடுத்துட்டா அது எதுக்குப் பொய் சொல்லப் போவுது? இனிமே விசில் வந்தாலும் வராட்டியும் வாரத்துல ரெண்டு நாள் தண்ணி ஏறும். அதுக்கப்பறமும் விசிலடிச்சா, அது நெருப்பு. நான் ஓடுவேன்.”

ஊர் ஓடுமா என்று அவர் கேட்டார். பவுனம்மா செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

தன்னால் முடிந்ததை அவர் செய்தார். கோபுரத்துக்கு ஆணை போட்டாகிவிட்டது, கடவுளே வந்தாலும் நிறுத்த முடியாது. ஆனால் விசிலையும் கோடை முடியும்வரை பிடுங்க வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார். தண்ணீர் ஏறியது. விசில் அன்றோடு நின்றது. கல்லிச்சி வாயைத் திறக்கவே இல்லை.

கோபுரத் திறப்பு விழா சித்திரையில், சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் நடந்தது. கோபுர உச்சியில் இருந்த கேமரா பல மைல் தூரத்துத் தீப்பொறியைக்கூடக் காட்டிக்கொடுக்கும் என்று கம்பெனிக்காரர் விளக்கினார். சந்தானகோபாலன் ரிப்பனை வெட்டினார். தீப்பாதுகாப்பின் மேன்மையைப் பற்றி அவர் வாயெடுத்ததும், யாரோ உற்சாகத்தில் பத்தாயிரம் வாலா ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். சரம் வெடித்து ஓய்ந்து புகை கலைந்தபோது ஆபீஸுக்குள் விசில் அடித்தது.

கூட்டம் சிரித்தது. மைக் பிடித்திருந்தவர் காட்டுக்கும் ஒரு சோடா கொடுங்கப்பா என்றார். அன்று காலையில்தான் லாரி மேலே போய்த் தண்ணீர் விட்டுவிட்டு வந்து, மறுபடி நிரப்பி நின்றிருந்தது. தாகம் இருக்க நியாயமில்லை. ரிஸ்வானா பெட்டிக்கு ஓடிப் பார்த்துவிட்டு, நம்ப முடியாமல் வெளியே வந்தாள். புள்ளி மலையிலேயே இல்லை.

பவுனம்மா அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் மேடையிலிருந்து குதித்துவிட்டாள். அவள் ஓடுவதைப் பார்த்துச் சீனிச்சாமி ஓடினான். ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு சந்தானகோபாலன் ஓடினார். பெரிய மனிதரே ஓடுகிறார் என்று அதன்பிறகு ஊர் ஓடியது. மேடைக்குப் பின்னால், கோபுரத்தின் காலடியில், காய்ந்த புல்லில் பாய் அகலத்துக்கு நெருப்பு விரிந்திருந்தது. அங்கன்வாடிக் கூரையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. கோபுரத்துக் கேமரா, மாட்டிவிட்டபடியே, மலையைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

அணைத்தார்கள். பாய் அகலத்தில் இருந்ததால் அணைக்க முடிந்தது.

எல்லோரும் மூச்சு வாங்கி நின்றபோது ரிஸ்வானா கருகிய இடத்துக்கு ஓரமாக மண்ணைக் கிளறினாள். வெள்ளை இழை. யாரும் போடாமல், தார்ச்சாலைக்கு அடியில் நுழைந்து, அது தானாகவே ஊருக்குள் வந்திருக்கிறது.

“இங்க காட்டுக்குன்னு ஒரு கன்னுகூட இல்லையேக்கா,” என்றாள். “அப்பறம் எதுக்கு?”

“வண்டி இங்கனதான நிக்குது,” என்றான் சீனிச்சாமி, முகத்தைத் துடைத்தபடி. “இது எரிஞ்சுபோனா அதுக்கு யாரு தண்ணி கொண்டுபோறது? விவரமான காடு.”

ஜனம் சிரித்தது. பவுனம்மாவும் சிரித்தாள். இன்சூரன்ஸில் இருந்தவள், லாபமில்லாமல் யாரும் யாருக்கும் காவல் இருப்பதில்லை என்று அறிந்தவள். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.

“தொட்டியில மிச்சம் இருக்கிறத இங்கயே விட்டுருப்பா,” என்றாள்.

தண்ணீர் கரியின் மேல் பரவி மண்ணுக்குள் இறங்கியது. மலைப் பக்கம் போகும் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். போகவில்லை. கருகிய புல்லின் அடியில் மண் கறுத்து, தட்டு அகலத்துக்கு ஈரம் விரிந்தது. பிறகு அடுத்ததற்கு. யாருக்கும் பயனில்லாத ஊர்ப் பொட்டல் புல்.

சின்னதிலிருந்துதான் தொடங்கியது.